டர்போ போட்டேன், இப்ப டொக்டொக்குங்குது!

கேள்வி: பழைய பெட்ரோல் காருக்கு வெளில வாங்கின டர்போ கிட் மாட்டினேன் சார், பள்ளிகொண்டா பக்கம் ஹைவேல டாப் கியர்ல மிதிச்சா டொக்டொக்னு சத்தம், நடுவுல வெட்டி வெட்டி இழுக்குது, ஏன்?
- வாசகர், காட்பாடி

பதில்: மொதல்ல மிதிக்கிறத நிறுத்துங்க தம்பி, அது நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தப்பி தானா வெடிக்கிறது, இப்படியே ஓட்டினா பிஸ்டன் போயிடும். டர்போ காத்த அமுக்கி உள்ள தள்ளுது, ஆனா டர்போ இல்லாத வண்டியோட மேப் சென்சாரு (இன்ஜினுக்குள்ள போற காத்தழுத்தத்த அளக்கிறது) சாதா காத்தழுத்தத்துக்கு மேல படிக்காது, அதனால பெட்ரோல் பத்தாம போகுது, ஸ்பார்க்கும் முன்னாடியே அடிச்சிடுது. பெட்ரோல் பீச்சுற பெரிய இன்ஜெக்டரு, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) டியூனிங் ரெண்டும் இல்லாம டர்போ கிட் மட்டும் மாட்டினா இதான் கதி. வெட்டுறதுக்கு ஸ்பார்க் பிளக் முனையில இருக்கிற கேப்பையும் (இடைவெளி) பாருங்க, 0.7 மி.மீ. அளவுல வச்சா டர்போ அழுத்தத்துல ஸ்பார்க் அணையாது. டர்போ அமுக்கின சூடான காத்த குளிர வைக்கிற இன்டர்கூலர் இருக்கா? வேலூர் வெயிலுக்கு அது இல்லாம டர்போவ நினைக்கவே கூடாது!