ராப் பாடும் பையன்களும் வில்லுப்பாட்டும்

அன்புள்ள ஐயா,

குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பதினோராம் வகுப்புப் பையன்கள் ஆண்டுவிழாவில் ராப் பாட வேண்டும் என்கிறார்கள். காலனியம் நம் அறிவிலும் பண்பாட்டிலும் போட்ட கட்டை ஹிப்ஹாப் அவிழ்க்கும் என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேன். அமெரிக்கச் சரக்கு எப்படி அதைச் செய்யும்? வில்லுப்பாட்டு இருக்கும்போது நமக்கு இது எதற்கு?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அமெரிக்காவிலிருந்து வந்தது சரி, அங்கே யாரிடமிருந்து வந்தது என்றும் பாருங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைகளும் கறுப்பினத்தவரும் வாழ்ந்த வட்டாரத்தில் நடந்த ஒரு விருந்தைத்தான், ராப்பையும் உள்ளடக்கிய ஹிப்ஹாப்பின் தொடக்கமாகச் சொல்வார்கள். இசைத்தட்டு போட்டவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காக ஆடுகிறவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த இடத்தையே மாறி மாறி ஓடவிட்டு நீட்டினார்.

நம்மூர்க் கோயில் கொடை விழாவில், வில்லுப்பாட்டு நடக்கும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வந்ததும், வில்லடித்துக் கதை பாடும் அண்ணாவி கதையை அப்படியே நிறுத்திவிடுவார். அதே அடிகள் திரும்பத் திரும்ப வரும். வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோலின் வேகம் கூடும், குடமும் உடுக்கும் கூடவே ஓடும். ஆட்டம் அடங்கிய பிறகுதான் கதை நகரும். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பெருமை பேசுகிறவர்களை நம்பவும் வேண்டாம். உங்கள் பையன்களுக்கு ராப் அந்நியமில்லை, அவ்வளவுதான்.

ராப், இசைத்தட்டு போடும் டிஜே, நடனம், சுவரில் எழுதி வரையும் கிராஃபிட்டி ஆகியவற்றோடு ஐந்தாவதாக அறிவையும் சேர்த்துச் சொல்வது ஹிப்ஹாப்காரர்களின் வழக்கம். பாடநூல் விட்டுவிட்ட தங்கள் வரலாற்றைப் பாட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது புதிதா? சாதிக்கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரின் வழிநூலான அகிலத்திரட்டை 1841இல் தாமரைகுளத்தில் அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதினார் என்பது மரபு. அது வெள்ளைக்காரனை வெண்ணீசன் என்கிறது, திருவிதாங்கூர் அரசனைக் கலிநீசன் என்கிறது. ஒரே மூச்சில் இருவரையும் கேட்டதுதான் பெரிது. காலனியத்தைத் திட்டிவிட்டுச் சாதியைத் தொடாமல் நழுவும் ராப் எனக்கு வேண்டாம். மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காக நம் பெண்களை அடித்தது வெள்ளைக்காரன் அல்ல, மேல்சாதிக்காரன்.

பாடநூலில் குளச்சல் என்றால் 1741 போர், டச்சுக்காரர்கள், மார்த்தாண்ட வர்மா. மீன்பிடித்த உங்கள் மாணவர்களின் தாத்தாக்கள் அறிந்த கடல் அதில் இல்லை. கரையில் தெரியும் மலையுச்சியையும் தேவாலயக் கோபுரத்தையும் நேராக்கி ஒரு கோடு, வேறு திசையில் அதேபோல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில், கடலுக்கடியில், மீன் அடையும் பாறைத்திட்டான பார் இருக்கும். கருவி எதுவும் இல்லாமல் கண்ணாலேயே போட்ட இந்தக் கணக்குக்குக் கணியம் என்று பெயர். ஜிபிஎஸ் வந்த பிறகு இதைச் சொல்லித்தர ஆளும் குறைகிறது, கேட்கவும் ஆளில்லை. பையன்கள் போய்க் கேட்கட்டும். எந்த மலை, எந்தக் கோபுரம், கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும்போது வள்ளம் எப்படிப் போகும் என்று கேட்டு எழுதட்டும். நீங்கள் கருத்தரங்கில் கேட்ட கட்டவிழ்ப்பு அந்த வேலையில்தான் இருக்கிறது. வெறும் தாளத்தில் இல்லை.

அவர்கள் இப்போது எழுதி வைத்திருப்பது காரும் தங்கச்சங்கிலியும் என்றால் தயங்காமல் கிழிக்கச் சொல்லுங்கள். ஆனால் பேச்சைத் திருத்தாதீர்கள். ‘வந்தாவ’, ‘போனாவ’, ‘லேய் மக்கா’ எல்லாம் மேடையேறட்டும். செந்தமிழில் ராப் எழுதினால் வீட்டில் பேசாத மொழியில்தான் தாத்தாவின் கடலைச் சொல்ல வேண்டிவரும்.

வில்லுப்பாட்டு இருக்க இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கொடையில் வில்லுக்கு ஒரு முறை உண்டு, சாமிக்குரிய கதையை விட்டு விலக முடியாது. பதினாறு வயதுப் பையன் தன் நாளைச் சொல்ல அங்கே இடமில்லை, ராப்பில் இருக்கிறது. 2018இல் சென்னையில் சாதி எதிர்ப்புப் பாடல்களைப் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியது. அதனால் கானா தேய்ந்துவிடவில்லை.

ஆண்டுவிழாவுக்கு ஒரு வில்லிசைக் குழுவையும் அழையுங்கள். பையன்களின் வரிகளுக்குக் குடம் அடிக்கிறவரை உட்காரவையுங்கள், முன்னதாக நாலு நாள் சேர்ந்து ஒத்திகையும் பார்க்கட்டும். வருகிற கலைஞர்களைப் பொன்னாடையோடு அனுப்பிவிடாமல், கொடைக்கு வாங்குகிற அதே கூலியைக் கொடுங்கள்.