கேள்வி-பதில்: கம்பில் தேன், சோளத்தில் சுடுமல்லி

கே: கம்புக் கதிரில் தேன் போல ஒழுகியது. அதிலிருந்து விதை எடுக்கலாமா?
– விழுப்புரம் வாசகர்

ப: வேறு விதை கிடைத்தால் எடுக்காதீர்கள். வழியில்லை என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதப்பதை, அதாவது மணிக்குப் பதில் உருவான கறுத்த பூஞ்சைக் கட்டிகளை, அள்ளிப் புதையுங்கள். மூழ்கியதை மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்துங்கள். மிதந்ததைக் கோழிக்குப் போடாதீர்கள். அந்தக் கறுத்த கட்டிகள் கலந்த கம்பைச் சாப்பிட்டால் மனிதருக்கே வாந்தி, மயக்கம் வரும்.

கே: பயிர் மஞ்சளாகிறது. என்ன மருந்து?
– ஊர் எழுதாதவர்

ப: எந்தப் பயிர்? வயது என்ன? அடியிலையா, குருத்தா? நான் ஜோசியன் அல்ல.

கே: கம்பில் கதிருக்குப் பதில் இலைக்கொத்து வருகிறது.
– தூத்துக்குடி வாசகர்

ப: அடிச்சாம்பல் நோய். இனி மருந்து வீண், பிடுங்கி எரித்துவிடுங்கள். அடுத்த பட்டத்தில் கிலோ விதைக்கு 6 கிராம் மெட்டலாக்சில் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து விதையுங்கள். மிஞ்சிய விதை கோழிக்கு அல்ல, மறுபடியும் சொல்கிறேன். ஊரெல்லாம் ஒரே ரகம் போடுவதும் வேண்டாம். எச்.பி.3 என்ற வீரிய ஒட்டுக் கம்பு 1970களில் இந்த நோயில்தான் படுத்தது.

கே: சோளக்காட்டில் சுடுமல்லி பூத்திருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டேன். பயிர் தேறுமா?
– பல்லடம் வாசகர்

ப: முழுதாகத் தேறாது. இந்தக் கடிதம் ஆண்டுதோறும் வருகிறது, அதுவும் பூ வந்த பிறகே வருகிறது. சுடுமல்லி பயிரின் வேரில் ஒட்டிப் பிழைக்கும் களை. அது வெளியே தலைகாட்டும்போது, மண்ணுக்குள் சில வாரங்களாகச் சோள வேரை உறிஞ்சியிருக்கும். ஈரம் இருந்தும் பயிர் வாடுகிறதா? அன்றே அடியைத் தோண்டி, வேரில் ஒட்டிய வெளிறிய தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும், பூப்பதற்கு முன்!

வரப்பில் போட்டது அதைவிட மோசம். பிடுங்கிய செடியிலும் காய் முற்றும். ஒரு செடியில் பல்லாயிரம் விதைகள், மூக்குப்பொடி போல. பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மாட்டுக்குப் போட்டால் சாணத்தோடு திரும்பி வரும். உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுபவர்கள், ஆடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்று முதலில் கேளுங்கள்.

வரப்பில் கிடப்பதை இன்றே எரித்துவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சோளம் வேண்டாம். பருத்தி, நிலக்கடலை, தட்டைப்பயறு போடுங்கள். இவற்றின் வேர்க்கசிவில் சுடுமல்லி முளைக்கும், ஆனால் ஒட்டிப் பிழைக்க முடியாமல் சாகும். கடைக்காரர் 2,4-டி களைக்கொல்லி அடிக்கச் சொன்னால், காற்றில் பறந்து பக்கத்துப் பருத்தி கருகினால் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

கே: யூரியா போட்டால் சுடுமல்லி அடங்குமாமே? கேழ்வரகுக்கும் கூட்டிப் போடலாமா?
– கிருஷ்ணகிரி வாசகர்

ப: தழைச்சத்து குறைந்த நிலத்தில்தான் சுடுமல்லி கொழுக்கும் என்பது சரி. அதற்காகக் கேழ்வரகில் அள்ளிக் கொட்டினால் குலைநோய் வரும். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் யூரியாவை நிறுத்துங்கள். நோய் கதிரின் கழுத்துக்கு ஏறிவிட்டால் கதிர் பதர்தான்.