இலங்கையில் பத்திரிகை யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்து, உதாரணமாகச் சிங்கள முதலாளிகளின் கையில் இருந்தால், சிறுபான்மையினர் பற்றிய செய்திகள் மாறுகின்றனவா?

மாறும். ஆனால் நீங்கள் கேள்வியில் சிங்கள முதலாளிகளை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இதழியல் படிக்கிறீர்கள், ஒப்படைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் கைக்குப் போனது. 75 வீதப் பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம். சிங்கள நாளிதழ் தினமினவும் தமிழ் நாளிதழ் தினகரனும் ஒரே கூரையின் கீழ். ஆட்சி மாறினால் தலைவரும் பணிப்பாளர் சபையும் மாறும், அதற்கேற்ப தினகரனின் குரலும் மாறும். தனியார் பக்கம் பார்த்தால், 2019 மே மாதம் குருநாகல் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்கள நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குள் அந்த மனிதரைச் சிறையில் வைத்துவிட்டார்கள்.

சரி, இது எல்லோருக்கும் தெரிந்தது. முதலாளி தமிழராக இருந்தால் எல்லாத் தமிழருக்கும் நியாயம் கிடைத்துவிடுமா? நான் மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக வேலை செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பத்திரிகையைப் பற்றியதாகிவிடும்.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு காலி முகத்திடலில் மலையக இளைஞர்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், கறுப்பு உடையில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. ஆயிரம் கேட்டார்கள். எந்தக் கட்சியும் பஸ் போட்டு அழைத்து வரவில்லை. புறக்கோட்டைக் கடைகளிலும் கொழும்பு வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு கேட்டும், கேட்காமலும் வந்திருந்தார்கள். என் சித்தப்பா மகன் அந்தக் கூட்டத்தில் நின்றான். நான் ஆசிரியபீடத்தில் படத்தோடு முதல் பக்கச் செய்தி தயாரித்துக்கொண்டிருந்தேன்.

தூரம் போக வேண்டும் என்பதால் மலையகப் பதிப்பு முதலில் அச்சுக்குப் போகும். அதில் நாங்கள்தான் தலைப்புச் செய்தி. நகரப் பதிப்புக்குப் பக்கம் கட்டும்போது விளம்பரப் பிரிவிலிருந்து அரைப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. பெருந்தோட்டக் கம்பனியும் வைத்திருக்கும் ஒரு வர்த்தகக் குழுமத்தின் விளம்பரம். முதல் பக்கத்தில் போட்டே ஆகவேண்டும் என்றார்கள். படம் போயிற்று, செய்தி உள்பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியானது. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. யாருடைய பணத்தில் பத்திரிகை நடக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஆக, நாங்கள் சம்பளம் கேட்டது நுவரெலியாவிலும் பதுளையிலும் பெரிதாக வந்தது. அதாவது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே சொன்னோம். சம்பளத்தைத் தீர்மானிக்கிற கொழும்பின் மேசைகளில் அது பெட்டிச் செய்தி. இரண்டு நாளில், 26ஆம் திகதி, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கினார். அதோடு எல்லாப் பத்திரிகையிலும் எங்கள் விடயம் காணாமல் போனது. மறு ஆண்டு ஜனவரியில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா என்று தோட்டக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

தமிழ்ப் பத்திரிகைகள் மலையகத்துக்கு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை, யாரும் அப்படித் திரிக்க வேண்டாம். எத்தனையோ எழுத்தாளர்களை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் மரண அறிவித்தல் பக்கத்தைப் பாருங்கள். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைக்கு அது முக்கியமான வருமானம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் படத்தோடு போடுகின்றன. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், செத்தவருக்கு யார் போடுவது? காசு கொண்டுவரும் வாசகரை மனதில் வைத்துத்தான் நிர்வாகம் பக்கங்களைப் பங்கிடுகிறது. மலையக நிருபருக்கு மாதச் சம்பளம்கூட இல்லை, வெளிவந்த செய்திக்குத்தான் காசு.

சொந்தப் பத்திரிகை என்ற வழியை தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய கோ. நடேசய்யர் 1920களிலேயே கொழும்பில் செய்து காட்டினார். அவருடைய தேசபக்தன் பத்திரிகை தோட்டத் தொழிலாளிக்காகவே நடந்தது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் அதில் உழைத்தார். தோட்டத் துரைமாரின் விளம்பரத்தை நம்பியிருந்தால் அது நடந்திருக்குமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதையும் எழுதிவிடுகிறேன். கொழும்பில் தமிழர் அதிகம் வாழும் வெள்ளவத்தையில் அறை தேடிப் போனபோது "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டு, ஹட்டன் என்றதும் அறை இல்லை என்று சொன்னவர்களும் தமிழர்கள்தான். அந்த அறைகளின் விளம்பரத்தை எங்கள் பத்திரிகையில்தான் பார்த்தேன். "யாழ்ப்பாணத்தவர் விரும்பத்தக்கது" என்று வந்ததை யாரும் தடுக்கவில்லை.

ஒப்படைக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், 2018 ஒக்டோபர் 25ஆம் திகதிப் பத்திரிகைகளை மூன்று மொழிகளிலும் எடுத்து, எந்தப் பக்கம், எத்தனை பத்தி, பக்கத்தில் யாருடைய விளம்பரம் என்று பாருங்கள். தமிழ்ப் பத்திரிகை என்றால் எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.