பிரேக்கைக் கழற்றிய மனிதர்: ஜேம்ஸ் அலிசன் பற்றிய உங்கள் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் வகுப்பில் நிர்ப்பீடனம் (உடலின் நோய் எதிர்ப்பு) படிப்பிக்கும்போது, புதுவகைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழிகாட்டி 2018இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் அலிசனின் கதையைச் சொன்னேன். பிள்ளைகளும் வீட்டாரும் கேள்விகளை அனுப்பிவிட்டார்கள்.

சேர், அவர் புற்றுநோய்க்கு மருந்து தேடித்தான் ஆராய்ச்சிக்கு வந்தாரா? (மாணவி, கல்முனை)

அப்படிச் சொல்ல முடியாது மகள். டெக்சாஸில் 1948இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஆனாலும் ஆய்வுகூடத்தில் அவரைப் பிடித்து வைத்திருந்தது நோயைத் தாக்கும் வெள்ளை இரத்தக் கலங்களான டி கலங்கள் எப்படி வேலை செய்கின்றன என்ற கேள்விதான். ஆள் பிடிவாதக்காரர். பாடசாலையில் பரிணாமம் இல்லாமல் உயிரியல் படிப்பித்தார்கள் என்று அந்த வகுப்பையே விட்டுவிட்டுத் தபால்வழியில் படித்தவர்.

வகுப்பில் ‘பிரேக்’ என்றீர்களே, அது சரியாக விளங்கவில்லை. (மாணவன், ஆரையம்பதி)

டி கலத்தின் மேற்பரப்பில் சி.டி.28 என்ற புரதம் இருக்கிறது. அது கலத்தை முடுக்கிவிடும். பக்கத்தில் இருக்கும் சி.டி.எல்.ஏ-4 என்ற இன்னொரு புரதம் 1987இல் பிரான்சில் கண்டறியப்பட்டபோது அதன் வேலை என்னவென்று தெரியவில்லை. அதுவும் முடுக்கும் என்றே சிலர் நம்பினார்கள். 1990களின் நடுவில் ஜெஃப்ரி புளூஸ்டோன் என்ற இன்னொரு ஆய்வாளரின் குழுவும் அலிசனின் குழுவும் அது பிரேக் என்று காட்டின. உடல் தன்னையே தாக்கும் நோய்களுக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று மற்றவர்கள் பார்க்க, அலிசன் எதிர்ப்பக்கமாக யோசித்தார். பிறபொருளெதிரி (குறித்த ஒன்றில் போய் ஒட்டும் புரதம்) ஒன்றால் பிரேக்கைத் தடுத்தால் டி கலங்கள் கட்டியைத் தாக்குமா?

1994 கடைசியில், கட்டி உள்ள எலிகளுக்கு அந்தப் பிறபொருளெதிரியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் மறைந்தன. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. நத்தார் விடுமுறைக்குள்ளேயே திரும்பச் செய்யச் சொன்னார். இந்த முறை எந்த எலிக்கு மருந்து போனது என்று தெரியாமல் அவரே கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கட்டிகளும் வளர்ந்தன. மனுஷனுக்கு மனம் விட்டுப்போனது. அப்புறம் சில எலிகளில் வளர்ச்சி நின்றது, பிறகு சுருங்கத் தொடங்கியது. அவை எல்லாம் மருந்து பெற்றவை. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

அப்படியென்றால் மருந்து வர 2011 வரை ஏன் இழுபட்டது? (அக்கரைப்பற்று)

பெரிய கம்பனிகள் நம்பவில்லை. கடைசியில் மெடரெக்ஸ் என்ற சிறிய நிறுவனம்தான் கையில் எடுத்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. நிர்ப்பீடனக் கலங்கள் உள்ளே கூடும்போது ஸ்கேனில் கட்டி முதலில் பெருத்ததுபோலத் தெரியலாம். ‘சில வாரத்தில் சுருங்கியதா?’ என்ற பழைய அளவுகோலுக்கு இந்த மருந்து தோற்றதாகவே படும். அதனால், ஆட்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 676 பேர் சேர்ந்த ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 10 மாதம், ஒப்பீட்டுக் குழுவில் 6.4 மாதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூன்று வருடம் தாண்டி, அதற்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். முற்றிய மெலனோமாவில் அது பெரிய விஷயம்.

நோபலில் பங்கு பெற்ற ஜப்பான்காரர் யார்? (ஏறாவூர்)

தசுகு ஹொன்ஜோ. 1992இல் பி.டி-1 என்ற வேறொரு பிரேக்கைக் கண்டறிந்தது அவருடைய குழு. இன்று கூடுதலாகப் பாவிக்கப்படுவது அந்தப் பிரேக்கைத் தடுக்கும் மருந்துகள்தான்.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் தூள் என்று விற்கிறார்களே, அதுவும் இதே வேலைதானே? (களுவாஞ்சிகுடி)

இல்லை அக்கா. காசை மிச்சப்படுத்துங்கள். பிரேக் பிடித்திருந்தால் பெற்றோல் ஊற்றி என்ன பயன்? உண்மையில் பிரேக்கைக் கழற்றினாலும் ஆபத்து உண்டு: குடல், ஈரல், தைரொயிட் எல்லாவற்றையும் டி கலங்கள் தாக்கலாம். சிகிச்சையில் இருப்பவருக்கு வயிற்றோட்டம் வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம். வாய்ப் புற்றுநோய்க்கு இந்த மருந்து வேலை செய்யுமா? (கொக்கட்டிச்சோலை)

திரும்பி வந்த, பரவிய தலை-கழுத்துப் புற்றுநோய்களுக்கு (வாய்ப் புற்றுநோயும் இதில் அடங்கும்) 2016இல் பி.டி-1 மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு ஆய்வில் ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் மருந்தோடு 36 வீதம், வழமையான சிகிச்சையில் 17 வீதம். செலவோ லட்சக்கணக்கில். தம்பி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது வேறு. அப்பாவின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள்: வெள்ளைப் படை, சிவந்த திட்டு, இரண்டு கிழமையாக ஆறாத புண், மூன்று விரல் நுழையாதபடி இறுகிய வாய். ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடக்கூடியது. புகையிலையை மட்டும் விட்டால் போதாது, பாக்கும் புற்றுநோய் தரும்.

அவர் பாட்டுக்காரராமே? (பெயர் போடாத ஒருவர்)

பாட்டு இல்லை, ஹார்மோனிகா. நிர்ப்பீடன ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்த இசைக்குழுவில் வாசிப்பவர். பிரபல அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனோடும் மேடை ஏறியிருக்கிறார்.