வலது கை காத்திருக்கக் கூடாது

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரில் தனியாக வாசிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. டிரம்ஸோடு சேர்ந்தால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும் இடத்தில் பிந்துகிறேன், அடுத்த பாரில் (தாளத்தின் அடுத்த சுற்றில்) ஓடுகிறேன். மெட்ரோனோம் (சீராகக் கிளிக் ஒலி தரும் கருவி) வைத்துப் பழகியும் தீரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பிந்துவதும் ஓடுவதும் ஒரே கோளாறுதான். இடது கை அடுத்த கார்டைத் தேடுகிறது, அது உட்காரும்வரை வலது கை காத்து நிற்கிறது. விட்டதைப் பிடிக்க அடுத்த பாரில் அவசரப்படுகிறீர்கள். ஆகவே முதலில் வலது கையைத் திருத்துங்கள்.

இடது கை விரல்களை ஆறு தந்திகள் மீதும் அழுத்தாமல் படுக்க வையுங்கள். அடித்தால் 'சக்' என்று மட்டும் கேட்க வேண்டும். ஒரே விரல் பட்டால் 5, 7, 12-ஆம் ஃப்ரெட்களின் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகளின்) மேல் ஹார்மோனிக் என்ற மெல்லிய மேல்சுரம் மணிபோல் ஒலித்துவிடும். இரண்டு மூன்று விரல்கள் படட்டும். மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 கிளிக்) வைத்து, கிளிக்குக்கு நான்கு அடி, வாயில் 'தகதிமி' சொல்லிக்கொண்டே அடியுங்கள். த, தி கீழ்நோக்கி. க, மி மேல்நோக்கி. இது ஓடத் தொடங்கியதும் கை வீச்சைக் குறைக்காமல் 'த'வில் மட்டும் தந்தியைத் தொடுங்கள், மற்ற மூன்றும் காற்றில் போகட்டும். அடுத்து 'தி' மட்டும், 'மி' மட்டும், கடைசியாக 'க' மட்டும். இந்தக் 'க'வில்தான் பலருக்குக் கை உறைந்துபோகும். வேகத்தை 50-க்கு இறக்குங்கள், ஆனால் கையை நிறுத்தாதீர்கள்.

இப்போது கார்டு. ஜி கார்டிலிருந்து சி கார்டுக்குப் போகிறீர்கள் என்றால், பாரின் கடைசி 'மி'யிலேயே இடது கையை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு மேல் அடியில் திறந்த தந்திகள் ஒலித்தாலும் பரவாயில்லை, காதில் உறுத்தாது. சி-யின் முதல் அடி தாமதமானால்தான் எல்லோருக்கும் தெரியும். சி முழுதாக அமரவில்லையா? அமர்ந்த தந்திகளோடு அடித்துவிடுங்கள்.

மெட்ரோனோம் உதவாததற்கும் காரணம் உண்டு: ஒவ்வொரு பீட்டிலும் அது சொல்லிக்கொடுத்தால் உங்களுக்குள் தாளம் ஊறாது. 80 வேகப் பாடலுக்கு 40 வையுங்கள். கிளிக் கேட்கும்போது 'ரெண்டு', அடுத்த கிளிக்கில் 'நாலு' என்று எண்ணுங்கள். ஒன்றும் மூன்றும் உங்கள் பொறுப்பு. நீங்கள் அடித்த பிறகு கிளிக் வந்தால் ஓடுகிறீர்கள், அடிப்பதற்கு முன்பே வந்தால் பிந்துகிறீர்கள்.

இதையெல்லாம் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) இல்லாமல் கிளீன் டோனில் பழகுங்கள். டிஸ்டார்ஷன் ஒலியை நசுக்கிச் சமப்படுத்துவதால், எந்த அடி வலுத்தது, எது மெலிந்தது என்று தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக்கில் சுரம் நீண்டு நிற்கும். அதை எங்கே முடிக்கிறீர்கள் என்பதும் தாளம்தான். விரலைத் தந்தியிலிருந்து தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் அழுத்தியிருந்த தந்திகளின் ஒலி சுத்தமாக அறுபடும். ஸ்நேர் டிரம் அடி விழும் நொடியில் அறுத்துப் பாருங்கள், பாட்டே இறுகிவிடும்.

கேள்வி: கணினியில் பதிவு செய்தால் என் கிட்டார் எப்போதும் பின்தங்கியே கேட்கிறது. தவறு கையிலா, கருவியிலா?

பதில்: அலைவடிவத்தைப் பெரிதாக்கி இருபது அடிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு தள்ளியிருந்தால் கருவி; ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் கை. ப்ளூடூத் ஹெட்போன் என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். அதில் ஒலி 100 மில்லிசெகண்டுக்கு மேல்கூடத் தாமதமாகலாம். 80 வேகத்தில் ஒரு 'தகதிமி' எழுத்துக்கே 187.5 மில்லிசெகண்டுதான். கம்பி உள்ள ஹெட்போன் மாட்டி, மென்பொருளின் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டின் அளவை) 128 அல்லது 256 சாம்பிளில் வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள்) 256 என்றால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 மில்லிசெகண்டு.

இன்னும் சந்தேகமா? இன்டர்ஃபேஸின் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியின்) அவுட்புட்டை ஒரு கேபிளால் இன்புட்டில் சொருகி, இன்புட் மானிட்டரை (உள்ளே வரும் ஒலியைத் திருப்பி ஒலிக்கவிடும் அமைப்பை) அணைத்துவிட்டு, கிளிக் டிராக்கைப் பதிவு செய்யுங்கள். அசலுக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளியே கருவியின் தாமதம். அதே அளவை மென்பொருளின் பதிவு ஈடுகட்டும் அமைப்பில் எழுதிவிடுங்கள்.