தட்டைப் பிரித்து வைத்தால் கிருமி நிற்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 45. வேலையிடப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து மாமியார் அவருக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார். இந்தக் கிருமி எப்படிக் கல்லீரலுக்கு மட்டும் போகிறது? எனக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றுமா?
- ஈசூன் வாசகி

பதில்: முதலில் அந்தத் தட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள், சகோதரி. சாப்பாட்டிலும் தண்ணீரிலும் பரவுவது ஏ, இ வகைகள். மஞ்சள் காமாலை என்றாலே பாத்திரத்தைப் பிரித்துப் பழகிய பயம் இது. பி வகை பரவுவது ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாக.

ரத்தத்தில் கலந்தபின் அது ஏன் கல்லீரலையே பிடிக்கிறது? கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் என்.டி.சி.பி. என்றொரு புரதம் இருக்கிறது. குடலில் வேலை முடித்து ரத்தத்தோடு திரும்பி வரும் பித்த உப்புகளை உள்ளே வாங்கிக்கொள்வது அதன் வேலை. கடைக்குச் சரக்கு இறக்கும் பின்வாசல் மாதிரி. கிருமி முதலில் செல்லின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளில் லேசாக ஒட்டும். அப்புறம் தன் உறையில் உள்ள பிரீ-எஸ்1 என்ற பகுதியால் என்.டி.சி.பி.யை இறுகப் பற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். மற்ற உறுப்புகளில் இந்தப் புரதம் அநேகமாகக் கிடையாது. கிருமியின் அடையாளம் 1960களிலேயே தெரிந்திருந்தும், பெய்ஜிங்கில் லி வென்ஹுயி குழுவினர் இந்த வாசலைக் கண்டுபிடித்தது 2012இல்தான். அதை அடைக்கும் புலெவிர்டைடு என்ற ஊசிமருந்துக்கு 2020இல் ஐரோப்பா அனுமதி தந்தது. ஆனால் அது டி வகைக்கு. பி-யின் உறையை இரவல் வாங்கிக்கொண்டு அதே வழியில் நுழையும் கிருமி அது. இணையத்தில் படித்துவிட்டுக் கணவருக்குக் கேட்க வேண்டாம்.

சரி, உங்கள் விஷயம். தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருள், கிருமியை ரத்தத்திலேயே மடக்கிவிடும், செல்வரை போகவிடாது. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987 முதல் இந்த ஊசி உண்டு. பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவை ஒருமுறை பாருங்கள். நீங்கள் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்றும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்றால் ஆறு மாதத்தில் மூன்று ஊசி. அதுவரை ஆணுறை அவசியம். சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட இந்தக் கிருமி 7 நாளாவது உயிரோடிருக்கும்.

கணவர் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. கல்லீரல் சத்தமில்லாமல் கெடும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவை.

இன்னொன்று, பக்குவமாகச் சொல்லுங்கள்: இந்த வயதுக்காரர்கள் பலருக்கு இது பிறந்தபோது தாயிடமிருந்து வந்திருக்கும். யார் குற்றமும் அல்ல. ஆனால் மாமியாரும் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.