காணியும் கையொப்பமும்: வன்னிப் பெண்களின் சட்டக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (மாங்குளம்): அரசியலமைப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்றால், என் சீதனக் காணியை விற்கக் கணவரின் கையொப்பம் எதற்கு?

பதில்: பால் அடிப்படையிலான பாரபட்சத்தை இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தடுக்கிறது. எனினும், முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை அவற்றுக்குக் காப்பளிக்கிறது. அவ்வாறு தப்பியவற்றுள் ஒன்று, வட மாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களைக் கட்டுப்படுத்தும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். பெயர் யாழ்ப்பாணத்தைச் சொன்னாலும் அது வன்னிக்கும் பொருந்தும். மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் தன் தனிச் சொத்தைக் கைமாற்ற மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): என் கணவர் 2009இல் காணாமற்போனார். யாரிடம் சம்மதம் கேட்பது?

பதில்: கணவரின் இருப்பிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். பெண்ணியச் சட்ட அறிஞர்களின் விமர்சனம் இந்த இடத்திலேதான் கூர்மையடைகிறது: கணவர் வீட்டில் இருக்கிறார் என்ற அனுமானத்தில் எழுதப்பட்ட விதி, போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணை, தன் சொந்தக் காணிக்காகவே வழக்காடச் செய்கிறது. கணவரின் சொத்தை நிர்வகிப்பது வேறு விடயம். முன்னர் அதற்காக மரணச் சான்றிதழ் எடுக்கும்படி நெருக்கினார்கள்; கணவர் இறந்துவிட்டார் என்று மனைவியே ஒப்பமிட வேண்டிய கொடுமை அது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெற்று அவரது சொத்தை நிர்வகிக்கலாம்.

கேள்வி (கிளிநொச்சி): அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அப்பாவின் பெர்மிட் காணி அண்ணாவுக்குத்தானா?

பதில்: பின்னுரித்தாளராக, அதாவது அப்பாவுக்குப் பின் காணியைப் பெறுபவராக, எவரேனும் பதியப்பட்டிருக்கிறாரா என்பதை முதலில் பிரதேச செயலகத்தில் பாருங்கள். எவரும் பதியப்படாதபோது மகன்மாரை முன்வைத்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வரிசை 2022இல் திருத்தப்பட்டு, அந்த முன்னுரிமை நீங்கியது. அதற்கு முன் நிகழ்ந்த மரணமாயின் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கேள்வி (வவுனியா): சமத்துவம் கேட்டுக்கொண்டே உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீத ஒதுக்கீடும் கேட்பது முரண் அல்லவா?

பதில்: அல்ல. சமமற்ற நிலையில் இருப்போரை ஒரே மாதிரி நடத்தினால் அந்த வேறுபாடே நிலைக்கும். பெண்களின் முன்னேற்றத்துக்கான விசேட ஏற்பாடுகளை அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

கேள்வி (நெடுங்கேணி): தேசவழமையை முற்றாக நீக்கிவிடலாமே?

பதில்: இதில் பெண்ணியவாதிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த இவ்வழமை, சீதனத்தைப் பெண்ணின் தனிச் சொத்தாகவே கொண்டது. அதை வைத்துக்கொண்டு, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் கணவரின் சம்மதம் கோரும் பிரிவை மட்டும் நீக்குவதையே நான் ஆதரிக்கிறேன்.